நிரல் கேள்விக்குப் பொருத்தமான குறிச்சொற்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

நிரலாக்கம் கற்கத் தொடங்கியவர்கள் இணையத்தில் கேள்வி கேட்கும்போது, தலைப்பையும் விளக்கத்தையும் பலமுறை திருத்தி எழுதுகிறார்கள். ஆனால் கடைசியில் இருக்கும், கேள்வி எதைப் பற்றியது என்று சுட்டும் குறிச்சொல் (tag) பெட்டியில் மனத்தில் தோன்றிய நான்கைந்து சொற்களைத் தட்டிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள். வியாசர்பாடியிலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் கல்லூரி மாணவர்களுக்கு மாலை நேரங்களில் நிரலாக்கத்தில் உதவிவரும் நான் அடிக்கடி கேட்கும் குறை இது: "அண்ணா, கேள்வி போட்டு ரெண்டு நாள் ஆவுது, ஒருத்தர்கூட எட்டிப் பாக்கல." தங்கள் ஆங்கிலம் சரியில்லை, அல்லது கேள்வியே மட்டமானது என்று அவர்களாகவே முடிவுகட்டிவிடுகிறார்கள். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய பிள்ளைகள் இந்த முடிவுக்கு மிக விரைவில் வந்துவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது. கேள்வியைத் திறந்து பார்த்தால், ஆங்கிலம் போதுமான அளவுக்குத் தெளிவாகவே இருக்கும். குறிச்சொற்கள்தாம் வேறு எங்கோ சுட்டிக்கொண்டிருக்கும்.

பதில் சொல்பவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்பதை அறிந்துகொண்டால் இதன் காரணம் விளங்கும். 2008-இல் தொடங்கப்பட்ட ஸ்டாக் ஓவர்ஃப்ளோ போன்ற நிரலாக்கக் கேள்வி-பதில் தளங்களில் வரும் கேள்விகள் அனைத்தையும் ஒருவரும் படிப்பதில்லை. ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த ஓரிரு துறைகளின் குறிச்சொற்களைக் கண்காணிப்புப் பட்டியலில் வைத்துக்கொண்டு, அவற்றின்கீழ் வருபவற்றை மட்டும் பார்க்கிறார்கள். வேண்டாத குறிச்சொற்களை மறைத்தும் வைக்கிறார்கள். ஆகவே, உங்கள் கேள்வியை யார் படிக்க வேண்டும் என்பதைக் குறிச்சொல்தான் தீர்மானிக்கிறது. அஞ்சல் உறையில் 'சென்னை' என்று மட்டும் எழுதினால் எங்கே கொண்டுபோவது என்று தெரியாது; 600 039 என்று சேர்த்தால் அது வியாசர்பாடிக்கும், 600 011 என்று சேர்த்தால் பெரம்பூருக்கும் போய்ச் சேரும். 'நிரலாக்கம்', 'இணையம்', 'பிழை' போன்ற குறிச்சொற்கள் 'சென்னை' என்று மட்டும் எழுதிய உறையைப் போன்றவை.

எனவே குறிச்சொல்லைத் தேடும்போது "நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன்?" என்று கேட்டுக்கொள்ளாமல், "இந்த இடத்தில் என்ன தவறு என்று யாருக்குத் தெரிந்திருக்கும்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். கீழே சொல்லும் படிகள் எல்லாம் இந்த ஒரு கேள்விக்கு விடை காண்பதற்கானவையே. தளங்களில் குறிச்சொற்கள் ஆங்கிலச் சிற்றெழுத்துகளில், சொற்களுக்கிடையே சிறுகோடிட்டு எழுதப்பட்டிருக்கும். இங்கே அவற்றைத் தமிழ் எழுத்தில் தருகிறேன்.

முதற்படி: சிக்கல் எந்தப் பகுதியில் இருக்கிறது என்று பிரித்துப் பாருங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் தேவைப்படும். அதைச் செலவிடத் தயங்காதீர்கள். ஓர் எடுத்துக்காட்டை முழுமையாகப் பார்ப்போம்.

காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கும் ஒரு குடும்பத்துப் பெண், கூடைகளின் விலையைப் பதிந்து கூட்டிக் காட்டும் சிறிய இணையப் பக்கம் ஒன்றை எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பின்னணியில் பைத்தானும், அதில் இணையப் பக்கங்களை உருவாக்க உதவும் ஃபிளாஸ்க்கும் ஓடுகின்றன. கணக்கு மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் சேமிக்கப்படுகிறது. பக்கத்தின் தோற்றம் எச்டிஎம்எல்லில் எழுதப்பட்டிருக்கிறது. இரண்டு பெட்டிகளில் இடும் தொகைகளை உடனுக்குடன் கூட்டிக் காட்டுவதற்கு ஜாவாஸ்கிரிப்ட்டில் நான்கு வரிகள் இருக்கின்றன. 250 ரூபாயும் 300 ரூபாயும் இட்டால் 550 வர வேண்டிய இடத்தில் 250300 என்று வருகிறது. அவர் கேள்வியை எழுதிவிட்டு, பைத்தான், ஃபிளாஸ்க், மைஎஸ்க்யூஎல், எச்டிஎம்எல், இணைய உருவாக்கம் என்று ஐந்து குறிச்சொற்களை இடுகிறார். அவருடைய பணியில் பைத்தானே பெரும்பகுதி என்பதால் இது அவருக்கு இயல்பாகவே தோன்றும்.

ஆனால் இந்த ஐந்தில் ஒன்றுகூடச் சிக்கல் இருக்கும் இடத்தைச் சுட்டவில்லை. உலாவியில் உள்ளீட்டுப் பெட்டியின் மதிப்பு எப்போதும் எழுத்துச் சரமாகவே (எழுத்துகளின் தொடராகவே) கிடைக்கும். இரண்டு சரங்களுக்கு நடுவே கூட்டல் குறியை இட்டால், ஜாவாஸ்கிரிப்ட் அவற்றைக் கூட்டாமல் ஒட்டிவிடும். மதிப்புகளை எண்ணாக மாற்றிய பிறகு கூட்டினால் 550 வரும். இதை ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்தவர் ஒரு நொடியில் சொல்லிவிடுவார். அவரிடம் கேள்வி போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். ஃபிளாஸ்க் வல்லுநர் கேள்வியைத் திறந்து பார்த்துவிட்டு, தம் துறைக்குத் தொடர்பில்லாதது என்று மூடிவிடுவார்.

சிக்கல் எங்கே இருக்கிறது என்று இன்னும் தெரியாத நிலையில் குறிச்சொல்லை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற கேள்வி நியாயமானது. அதற்கு நான் சொல்லித்தரும் வழி, ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்ப்பது. தரவுத்தளத்தை விட்டுவிட்டு ஓட்டிப் பாருங்கள். பிழை அப்படியே இருந்தால் மைஎஸ்க்யூஎல் குறிச்சொல் தேவையில்லை. ஃபிளாஸ்க்கை விட்டுவிட்டு, அந்தப் பக்கத்தை மட்டும் ஒரு தனிக் கோப்பாகச் சேமித்து உலாவியில் நேரடியாகத் திறந்து பாருங்கள். அப்போதும் 250300 என்றே வந்தால், பைத்தானுக்கும் ஃபிளாஸ்க்குக்கும் இதில் பங்கில்லை. எதை எடுத்தால் பிழையும் மறைகிறதோ அதன் பெயர்தான் உங்கள் குறிச்சொல். இவ்வாறு கழித்துக்கொண்டே வரும்போது கேள்வியில் ஒட்ட வேண்டிய நிரலும் பத்து வரிக்குச் சுருங்கிவிடும். பதில் சொல்பவர்கள் விரும்பிப் படிப்பது அத்தகைய கேள்விகளைத்தான். சில நேரங்களில் கேட்பதற்கு முன்பே விடையும் கிடைத்துவிடும்.

இரண்டாம் படி: மொழியின் பெயரைத் தவறில்லாமல் குறியுங்கள்

பெரும்பாலான கேள்விகளுக்கு முதல் குறிச்சொல் நிரல்மொழியின் பெயராக இருக்க வேண்டும். இதில் பெயர் ஒற்றுமையால் வரும் குழப்பம் புதியவர்களிடம் மிகுதி. ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்ட்டும் 1995-இல் வெளியுலகுக்கு வந்தவை என்பதைத் தவிர, அவற்றுக்கிடையே பெரிய உறவு இல்லை. முன்னது சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் உருவானது, பின்னது நெட்ஸ்கேப் உலாவிக்காக பிரெண்டன் ஐக் எழுதியது. சி, சி பிளஸ் பிளஸ், சி ஷார்ப் ஆகிய மூன்றும் தனித்தனி மொழிகள். எது என்று உறுதியாகத் தெரியவில்லை என்பதற்காக சி, சி பிளஸ் பிளஸ் இரண்டையும் சேர்த்து இடாதீர்கள். ஒரே வரிக்கு அவ்விரு மொழிகளும் வெவ்வேறு பொருள் கொள்ளும் இடங்கள் உண்டு என்பதால், இரு தரப்பினரும் "முதலில் எது என்று சொல்லுங்கள்" என்றே கேட்பார்கள்.

கல்லூரி ஆய்வகங்களில் டர்போ சி பிளஸ் பிளஸ் வைத்துப் பயின்றவர்கள் இங்கே கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். 1990-இல் வெளிவந்த அந்தக் கருவி, சி பிளஸ் பிளஸ் மொழிக்கு 1998-இல் முதல் பன்னாட்டுத் தரம் வகுக்கப்படுவதற்கு முற்பட்டது. திரையைத் துடைப்பதற்காக அதில் நாம் இயல்பாகச் சேர்க்கும் கோனியோ (conio.h) தலைப்புக் கோப்பு, லினக்ஸில் ஓடும் ஜிசிசி தொகுப்பியில் (compiler) கிடைக்காது. உள்ளீடு வெளியீட்டுக்கான தலைப்புக் கோப்பின் பெயரும் இன்றைய தரத்தில் வேறு. வெறும் சி பிளஸ் பிளஸ் என்று குறிச்சொல் இட்டால், பதில் சொல்பவர் உங்கள் நிரலைத் தம் கணினியில் ஓட்டிப் பார்த்து, நீங்கள் காணாத வேறு பிழைகளைக் கண்டு, அவற்றைப் பற்றியே எழுதுவார். டர்போ சி பிளஸ் பிளஸ் என்பதற்குத் தனிக் குறிச்சொல் உண்டு. அதையும் சேர்த்து இடுங்கள். வீட்டுக் கணினியில் இன்றைய தொகுப்பி ஒன்றை நிறுவிக்கொள்வது அதைவிட நல்லது.

பைத்தானைப் பொறுத்தவரை, பொதுவான 'பைத்தான்' குறிச்சொல் எப்போதும் இருக்கட்டும். பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்று முடிந்துவிட்டதால், பதிப்பைச் சொல்லாவிட்டால் 3 என்றே எடுத்துக்கொள்வார்கள். பதிப்புக்கே உரிய சிக்கலாக இருந்தால் மட்டும் பதிப்பு எண்ணுள்ள குறிச்சொல்லைப் பொதுக் குறிச்சொல்லுடன் சேர்க்கலாம். அதைத் தனியாக இட்டால், பொதுக் குறிச்சொல்லை மட்டும் பின்தொடரும் பெருங்கூட்டத்தின் கண்ணில் உங்கள் கேள்வி படாது.

மூன்றாம் படி: நூலகம், கருவி, பதிப்பு

மொழிக்கு அடுத்து, சிக்கல் எந்த நிரல் நூலகத்தில் (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுப்பில்) எழுகிறதோ அதன் பெயரை இடுங்கள். பாண்டாஸ் என்ற நூலகத்தின் அட்டவணையில் இரண்டு நெடுவரிசைகளை இணைப்பது பற்றிய கேள்விக்கு பைத்தான், பாண்டாஸ் என்ற இரண்டும் போதும். நிரலின் முதல் வரிகளில் நம்பை, மேட்பிளாட்லிப் ஆகிய நூலகங்களும் இறக்குமதி செய்யப்பட்டிருக்கின்றன என்பதற்காக அவற்றையும் சேர்க்க வேண்டியதில்லை.

பழைய பதிப்பும் புதிய பதிப்பும் வேறு வேறு பெயரில் குறிக்கப்படும் கருவிகள் உண்டு. இணையச் செயலிகளை உருவாக்க உதவும் ஆங்குலரில், ஆங்குலர்ஜேஎஸ் என்பது முதல் தலைமுறை. 2016-இல் வந்த இரண்டாம் பதிப்பு முதல் அது ஆங்குலர் என்றே வழங்கப்படுகிறது. இரண்டின் எழுத்துமுறையும் வேறு என்பதால், ஒன்றின்கீழ் கேட்ட கேள்விக்கு மற்றொன்றைத் தெரிந்தவர் உதவ இயலாது.

தரவுத்தளங்களை வினவும் மொழியான எஸ்க்யூஎல் என்ற குறிச்சொல்லை ஒருபோதும் தனியாக விடாதீர்கள். முதல் பத்து வரிகளை மட்டும் எடு என்று சொல்வதற்கு மைஎஸ்க்யூஎல்லிலும் போஸ்ட்கிரஸிலும் 'லிமிட்' என்று எழுதுகிறோம். மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வரில் 'டாப்' என்று எழுத வேண்டும். ஆரக்கிளின் பழைய பதிப்புகளில் 'ரோநம்' கொண்டு வடிகட்ட வேண்டும். எந்தத் தரவுத்தளம் என்று தெரியாமல் சரியான விடையை எழுத ஒருவராலும் முடியாது. எக்செல் கேள்விகளுக்கும் இது பொருந்தும். எம்.சி. ரோட்டுத் துணிக்கடை ஒன்றின் விற்பனைக் கணக்கை எக்செல்லில் வைத்திருக்கிறீர்கள் என்றால், கட்டத்துக்குள் எழுதும் சூத்திரத்தில் சிக்கலா, விபிஏ மேக்ரோவில் சிக்கலா, அல்லது பைத்தானிலிருந்து ஓப்பன்பைஎக்செல் வழியாகக் கோப்பைப் படிப்பதில் சிக்கலா என்று பிரித்துச் சொல்ல வேண்டும். இம்மூன்றுக்கும் விடை தருபவர்கள் மூன்று தனிக் குழுவினர்.

நிரலை எழுதப் பயன்படுத்தும் செயலியின் பெயரை இடுவது மிகப் பரவலான தவறு. விஷுவல் ஸ்டுடியோ கோடில் எழுதுகிறீர்கள் என்பதற்காக அந்தக் குறிச்சொல்லை இடக்கூடாது. அந்தச் செயலியின் அமைப்பிலோ நீட்சியிலோ சிக்கல் இருந்தால் மட்டும் இடுங்கள். கட்டளைச் சாளரத்திலிருந்து ஓட்டினாலும் அதே பிழை வருகிறதா என்று பார்த்தால் இது தெரிந்துவிடும். இயங்குதளத்தின் பெயருக்கும் இதே விதிதான்.

தமிழ் எழுத்து சம்பந்தப்பட்ட கேள்விகள்

நம் பிள்ளைகள் எழுதும் செயலிகளில் ஊர்ப்பெயர்களும் ஆட்பெயர்களும் தமிழில் வருவதால், இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். இத்தகைய கேள்விகளுக்குப் பெரும்பாலோர் 'தமிழ்' என்றோ 'மொழி' என்றோ குறிச்சொல் தேடுகிறார்கள். ஆனால் விடை தெரிந்தவருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இந்தி, தாய், அரபு எழுத்துகளில் இதே சிக்கலைத் தீர்த்த யாரும் உங்களுக்கு உதவ முடியும். அவர்கள் கூடும் இடம் யூனிகோட் (உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் தரும் பொதுத் தரம்), எழுத்துக் குறியாக்கம் (எழுத்துகளைக் கணினியில் பைட்டுகளாகச் சேமிக்கும் முறை) போன்ற குறிச்சொற்களின்கீழ்.

'பெரம்பூர்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால், நமக்கு ஐந்து எழுத்து. பைத்தானும் ஜாவாஸ்கிரிப்ட்டும் 9 என்று சொல்லும். கொம்பு, கால், புள்ளி ஆகியவை யூனிகோடில் தனிக் குறியீடுகளாக எண்ணப்படுவதே காரணம். அதையே யூடிஎஃப்-8 பைட்டுகளாக எண்ணினால், தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்டு என்பதால், 27 வரும். ஸ்விஃப்ட் மொழியோ கண்ணுக்குத் தெரியும் எழுத்தை எண்ணி 5 என்று சொல்லும். ஆக, இந்தக் கேள்விக்கு உங்கள் மொழியின் பெயர், சரம், யூனிகோட் ஆகிய மூன்றும் பொருத்தமானவை.

இன்னொரு வகைச் சிக்கல், கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு சொற்கள் சமமில்லை என்று நிரல் சொல்வது. 'கொளத்தூர்' என்பதில் உள்ள 'கொ'வை, ககரத்துடன் ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்த்தும் எழுதலாம்; கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. தேடலில் மட்டும் கிடைக்காது. இதற்கு 'யூனிகோட் நார்மலைசேஷன்' என்ற தனிக் குறிச்சொல்லே இருக்கிறது. அந்தச் சொல்லை அறிந்துகொண்டாலே, கேள்வி கேட்காமலேயே பழைய விடைகளில் தீர்வைக் கண்டுவிடலாம்.

தரவுத்தளத்தில் சேமித்த தமிழ்ப் பெயர்கள் வரிசையான கேள்விக்குறிகளாகத் திரும்பி வந்தால், அது அட்டவணையின் எழுத்துத் தொகுதியிலோ இணைப்பின் எழுத்துத் தொகுதியிலோ உள்ள கோளாறு. மைஎஸ்க்யூஎல்லில் 8.0 பதிப்புக்கு முன்புவரை இயல்பு எழுத்துத் தொகுதி லத்தீன்-1 ஆக இருந்தது. பழைய பாடநூல்களைப் பார்த்து நிறுவியவர்கள் இதில் அகப்பட்டுக்கொள்கிறார்கள். மைஎஸ்க்யூஎல், எழுத்துக் குறியாக்கம், உடன் இணைக்கும் மொழியின் பெயர் என்று குறியுங்கள். எழுத்துகள் சரியாகச் சேமிக்கப்பட்டு, பிடிஎஃப் கோப்பில் மட்டும் கொம்பு இடம் மாறி விழுந்தால், குறியாக்கத்தில் தவறில்லை. எழுத்துருவைக் கோத்து வரையும் பகுதியில்தான் தவறு. அப்போது பிடிஎஃப் உருவாக்கும் நூலகத்தின் பெயரும் 'எழுத்துரு' என்பதும் வேண்டும், யூனிகோட் வேண்டாம். அரசு அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் யூனிகோட் பரவலாகும் முன் இருந்த கோப்புகளைத் திறக்கிறீர்கள் என்றால், 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற டாம் (TAM), டாப் (TAB) குறியாக்கங்களில் ஒன்றாக அது இருக்கலாம். அதன் பெயரைக் குறிச்சொல்லாகத் தேடினால் பயனில்லை, கேள்வியின் உடலில் தெளிவாக எழுதிவிட்டு, குறிச்சொல்லில் எழுத்துக் குறியாக்கம் என்று மட்டும் இடுங்கள்.

நான்காம் படி: சொடுக்கும் முன் விளக்கத்தைப் படியுங்கள்

பெட்டியில் இரண்டு எழுத்து தட்டியதும் பட்டியல் ஒன்று விரியும். முதலில் தெரிவதைச் சொடுக்கிவிடும் பழக்கம் கைப்பேசியில் கேள்வி எழுதுபவர்களிடம் அதிகம். ஒவ்வொரு குறிச்சொல்லுக்கும் அருகே இரண்டு வரி விளக்கம் இருக்கும். எப்போது இட வேண்டும், எப்போது இடக்கூடாது, உடன் வேறு எதைச் சேர்க்க வேண்டும் என்பதையெல்லாம் அது சொல்லும். அந்தக் குறிச்சொல்லின்கீழ் எத்தனை கேள்விகள் இருக்கின்றன என்ற எண்ணையும் பாருங்கள். பத்துப் பதினைந்து கேள்விகளே இருந்தால் பின்தொடர்பவர்களும் சிலரே. அதை இடலாம், ஆனால் துணைக்கு மொழியின் பெயர் கட்டாயம் இருக்க வேண்டும்.

உங்களைப் பற்றியோ உங்கள் அவசரத்தைப் பற்றியோ சொல்லும் குறிச்சொற்கள் வேண்டாம். 'தொடக்கநிலை', 'அவசரம்', 'உதவி' ஆகியவற்றைப் பின்தொடரும் வல்லுநர் ஒருவரும் இல்லை. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் 'வீட்டுப்பாடம்' என்ற குறிச்சொல் முன்பு இருந்தது. கேள்வியின் பொருளைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை என்பதால் 2012-இல் நீக்கப்பட்டது. புதிய குறிச்சொல்லை உருவாக்க அங்கே 1500 மதிப்புப் புள்ளிகள் வேண்டும் என்பதால், நீங்கள் தேடும் சொல் பட்டியலில் இல்லை என்றால் அதற்கு இணையான வேறு பெயர் இருக்கும் என்று கருதித் தேடுங்கள்.

ஐந்து வரை இடலாம் என்பது மேல்வரம்பு. அதை நிரப்ப வேண்டிய கட்டாயம் இல்லை. என் பார்வையில் இரண்டு முதல் மூன்று வரை போதுமானவை. பொருந்தாத நான்காவது குறிச்சொல்லால் புதிய வாசகர் கிடைப்பதைவிட, அதைப் பின்தொடர்பவர்கள் எரிச்சலுற்று எதிர்வாக்கு இடுவதற்கே வாய்ப்பு அதிகம்.

கேள்வியை வெளியிட்ட பிறகு

வெளியான கேள்வியை ஒருமுறை வாசகரின் கண்ணால் பாருங்கள். உங்கள் நிரலின் வண்ணங்கள் பொருந்தாமல் தெரிந்தால், குறிச்சொல்லைச் சோதியுங்கள். ஸ்டாக் ஓவர்ஃப்ளோ நிரலுக்கு வண்ணம் தீட்டுவதும் குறிச்சொல்லை வைத்துத்தான். அனுபவமுள்ள ஒருவர் உங்கள் குறிச்சொற்களை மாற்றினால் அதைக் குற்றம் கண்டதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கேள்வியைச் சரியான ஆளிடம் கொண்டுசேர்க்கும் உதவி அது. மாற்றம் தவறு என்று உறுதியாகத் தெரிந்தால், பின்னூட்டத்தில் காரணத்தைக் கேட்டுவிட்டுத் திருத்துங்கள்.

ஒரு குறிச்சொல்லில் தங்கப் பதக்கம் பெற்றவர், அந்தக் குறிச்சொல்லுடன் கேட்கப்பட்ட கேள்வியை, முன்பே விடை உள்ள வேறொரு கேள்வியுடன் தனியொருவராகவே இணைத்து மூடிவிடலாம். புதியவர்கள் இதைக் கண்டு மனம் நோகிறார்கள்; உண்மையில் நீங்கள் தேடியும் கிடைக்காத விடையின் இடத்தை அவர் காட்டியிருக்கிறார். அந்த இணைப்பைத் திறந்து படியுங்கள். உங்கள் நிலை வேறு என்றால், எப்படி வேறு என்று கேள்வியைத் திருத்தி எழுதுங்கள்.

ஓரிரு நாளாகியும் பதில் இல்லை என்றால், அதே கேள்வியை மீண்டும் புதிதாகக் கேட்க வேண்டாம். முதற்படிக்குத் திரும்பி, இன்னும் ஒரு பகுதியைக் கழித்துப் பாருங்கள். காசிமேட்டுக் கணக்கில் பார்த்ததுபோல், பிழை நீங்கள் நினைத்த மொழியிலேயே இல்லை என்று தெரியவந்தால், நிரலையும் தலைப்பையும் குறிச்சொற்களையும் ஒருசேர மாற்றுங்கள். திருத்திய கேள்வி பட்டியலின் மேலே வந்து புதிய வாசகர்களின் பார்வையில் படும்.

குறிச்சொல் பெட்டியே இல்லாத வாட்ஸ்ஆப் குழுக்களிலும் இதைக் கடைப்பிடிக்கலாம். கல்லூரித் தோழர்களின் குழுவிலோ, கொளத்தூரில் 2024-இல் திறக்கப்பட்ட முதல்வர் படைப்பகத்தில் பக்கத்து மேசையில் இருப்பவரிடமோ உதவி கேட்கும்போது, "என் புரோகிராம் ஓடல" என்று தொடங்காமல், "பைத்தான் 3, பாண்டாஸ், சிஎஸ்வி கோப்பைப் படிக்கையில் பிழை" என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

பயிற்சிக்கு ஒரு வழி: நீங்கள் கற்கும் மொழியில் நல்ல விடை பெற்ற கேள்வி ஒன்றைத் திறந்து, குறிச்சொற்களைக் கையால் மறைத்துக்கொண்டு, என்னென்ன இட்டிருப்பார்கள் என்று தாளில் எழுதிவிட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபடும் ஒவ்வொரு சொல்லுக்கும் அந்தக் குறிச்சொல்லின் விளக்கத்தைத் திறந்து படித்து, அங்கே அது ஏன் இடப்பட்டது அல்லது ஏன் விடப்பட்டது என்று பக்கத்தில் ஒரு வரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.